தழும்பில் ஒட்டிய கருவுக்கு ஒரு ஊசி போதுமா?

வாசகர் ஒருவர், பிப்ரவரி 3, மாலை 6.10

முன்பு ஒரு சிசேரியன். இப்போது 6 வாரம் 2 நாள். சாக் (கரு இருக்கும் நீர்ப்பை) கீழே, சிசேரியன் தழும்பு மட்டத்தில் இருக்கிறது, கருவின் இதயத் துடிப்பும் உண்டு. இதுவும் இடம் மாறிய கர்ப்பம்தானே? குழாய்க் கர்ப்பத்துக்குச் (கருக்குழாயில் ஒட்டியது) செய்வதுபோல, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 50 மி.கி. கணக்கில் தசையில் ஒரு ஊசி. 4ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் நடுவே பீட்டா எச்.சி.ஜி. (ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன்) 15 சதவீதம் இறங்காவிட்டால் டி அண்ட் சி (வாயை விரித்துச் சுரண்டி எடுப்பது). இவ்வளவு போதும் என்பது என் கருத்து. தவறு இருந்தால் சொல்லுங்கள்.

பதில், பிப்ரவரி 3, இரவு 9.40

இரண்டு இடத்தில் தவறு இருக்கிறது, டாக்டர். தசையில் போடும் ஊசியை மட்டும் நம்புவது ஒன்று. அது பலிக்காவிட்டால் க்யூரெட்டை (சுரண்டும் கருவி) எடுப்பது இன்னொன்று. இந்த நோயில் நன்றாக இருந்த பெண் ரத்தம் கொட்டி கர்ப்பப்பையை இழப்பது பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடக்கிறது. அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கமான எஸ்.எம்.எஃப்.எம். 2020லும் 2022லும் கொடுத்த வழிகாட்டுதல் இரண்டையும் பெயர் சொல்லியே விலக்குகிறது: உடல் முழுவதற்குமான மெத்தோட்ரெக்சேட்டைத் தனி சிகிச்சையாகக் கொடுக்காதே, கூர்மையான க்யூரெட்டால் மட்டும் சுரண்டாதே.

மருந்துக்கு வருமுன் ஸ்கேனை முடித்துக்கொள்வோம். "தழும்பு மட்டத்தில் சாக்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மட்டத்தில் சாக் தெரிய மூன்று காரணம் இருக்கலாம். தழும்பில் ஒட்டிய கரு ஒன்று. கலைந்து வெளியே இறங்கிக்கொண்டிருக்கிற கரு இன்னொன்று. கர்ப்பப்பை வாய்க்குள் ஒட்டிய கரு மூன்றாவது. மூன்றுக்கும் சிகிச்சை வேறு. முதலாவதை இரண்டாவது என்று நினைத்துச் சுரண்டினால் விளைவு மேசையிலேயே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 4, காலை 7.15

உள்வழி ஸ்கேன்தான் (யோனி வழியாக) செய்ய வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. சிறுநீர்ப்பையை முழுக்கக் காலி செய்யச் சொல்லாதீர்கள். கொஞ்சம் சிறுநீர் இருந்தால்தான் அதன் பின்சுவருக்கும் கர்ப்பப்பையின் முன்சுவருக்கும் நடுவே உள்ள கோடு தெரியும். இங்கே நாம் தேடுவதே அந்தக் கோட்டைத்தான்.

நெடுக்குவெட்டில் கர்ப்பப்பை வாயின் நுனி முதல் கர்ப்பப்பையின் மேல்முனை வரை ஒரே படத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு பார்க்க வேண்டியவை: மேலே உள்ளறை காலியாக இருக்கிறதா, வாய்க்கால் (கர்ப்பப்பை வாயின் உட்பாதை) காலியாக இருக்கிறதா, சாக் முன்புறமாக உள்வாய் (அந்தப் பாதை உள்ளறையோடு சேரும் இடம்) மட்டத்தில் பழைய தழும்பிலோ அதன் பள்ளத்திலோ பதிந்திருக்கிறதா, சாக்குக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே தசை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேன்) சாக்கைச் சுற்றி ரத்த ஓட்டம் வளையமாகத் தெரிகிறதா. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஆர்.சி.ஓ.ஜி. 2016ல் கொடுத்த அடையாளங்களும் ஏறக்குறைய இவையே.

டாப்ளர் பெட்டியை முன்சுவரிலும் சாக்கின் விளிம்பிலும் மட்டும் வையுங்கள். கருவின் மேல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். என்ன செய்வது என்று அந்தப் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை.

பிப்ரவரி 4, காலை 7.50

மேலே எழுத விட்டுப்போனது, நகர்த்திப் பார்ப்பது. ப்ரோபின் (ஸ்கேன் செய்யும் கைக்கருவி) நுனியை வாயின் முன்பக்கம் வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள், கதவு தாழிட்டிருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்ப்பதுபோல. கலைந்து இறங்கும் கரு என்றால் சாக் வாய்க்காலின் சுவரோடு ஒட்டாமல் வழுக்கி ஓரிரு மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். தழும்பில் பதிந்தது அசையாது. சுவர் அசைந்தால் அதோடு சேர்ந்துதான் அசையும். கலையும் சாக் பெரும்பாலும் சப்பையாக, ஒழுங்கற்ற வடிவில், துடிப்பில்லாமல், சுற்றிலும் ரத்த ஓட்டமில்லாமல் இருக்கும். உள்வாயும் திறந்திருக்கலாம்.

வாய்க்குள் ஒட்டியதில் சாக் உள்வாய்க்குக் கீழே இருக்கும், வாய் பீப்பாய்போல உப்பியிருக்கும். முக்கியமாக, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ள முன்சுவரின் தசை முழுதாகத் தெரியும். தழும்புக் கருவில் அந்த இடம்தான் மெலிந்திருக்கும்.

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4, மாலை

மிஞ்சிய தசை எத்தனை மி.மீ. இருந்தால் தழும்புக் கரு என்று சொல்லலாம்? 5 என்று ஒருவர் சொன்னார், 3 என்று இன்னொருவர்.

பிப்ரவரி 4, இரவு 11.05

அந்த எண்ணை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டாதீர்கள். பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. வரைதான் இருக்கும், சிலரில் ஒன்றுமே இருக்காது. ஆனால் தசை தடிமனாகத் தெரிகிறது என்பதற்காக "தழும்புக் கரு இல்லை" என்று எழுதிவிட்டால், தழும்பின் மேல் ஒட்டி உள்ளறைப் பக்கம் வளரும் வகை தப்பிவிடும். அளவு எதற்கு உதவும் என்றால், சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க. எவ்வளவு மெலிவோ அவ்வளவு ஆபத்து. உள்ளிருந்து எடுப்பதா வெளியிலிருந்து வெட்டி எடுப்பதா என்பதும் அதைப் பொறுத்தே. அளக்கும்போது ப்ரோபை அழுத்திப் பிடித்தால் எண் தானாகக் குறைந்துவிடும். அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு அளவெடுங்கள். சாக்கின் வெளி விளிம்பிலிருந்து கர்ப்பப்பையின் வெளி விளிம்பு வரை, மிக மெல்லிய இடத்தில்.

பிப்ரவரி 5, காலை 6.30

நேற்றுக் காலை எழுதியதில் ஒரு திருத்தம். "மேலே உள்ளறை காலியாக இருக்கிறதா" என்று பொதுவாக எழுதிவிட்டேன். 7 வாரம் வரை அது சரி. அதன் பிறகு சாக் வளர்ந்து உள்ளறைக்குள் மேலேறும். 9 வாரத்தில் பார்ப்பவருக்கு அது சாதாரணக் கர்ப்பம்போலவே தெரியும், ஏனென்றால் கரு மேலே போயிருக்கும். நஞ்சு (நஞ்சுக்கொடி) மட்டும் தழும்பிலேயே வேர்விட்டு நிற்கும். சாக்கை விட்டுவிட்டு நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டிய கட்டம் அது. இந்த ஏமாற்றத்தால்தான் பலர் "உள்ளறைக் கர்ப்பம், நஞ்சு கீழே" என்ற ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போகிறார்கள். பிறகு 20 வாரத்தில் அக்ரீட்டாவோடு (நஞ்சு தசைக்குள் வேர்விட்ட நிலை) திரும்புகிறார்கள்.

5 முதல் 10 வாரத்துக்குள் உதவுகிற எளிய சோதனை ஒன்று. நெடுக்குவெட்டில் வெளிவாய்க்கும் மேல்முனைக்கும் நடுவே பாதி வழியில் ஒரு குறுக்குக் கோடு இழுங்கள். சாக்கின் நடுப்புள்ளி அதற்குக் கீழே, வாய்ப்பக்கம் விழுந்தால், முன்பு சிசேரியன் ஆனவரில் தழும்புக் கரு என்றே எடுத்துக்கொண்டு மேலே தேடுங்கள். மேலே விழுந்தால் பெரும்பாலும் சாதாரணக் கர்ப்பம். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. சிசேரியன் ஆன எல்லோருக்கும் முதல் ஸ்கேனில் செய்துவிடலாம்.

நல்ல கட்டம் 6, 7 வாரம். அதற்குள் பெயர் சொல்லிவிட்டால் எல்லா வழியும் திறந்திருக்கும். வாரம் போகப் போக ஒவ்வொன்றாக அடைபடும்.

வாசகர் ஒருவர், பிப்ரவரி 5

எனக்கு வந்த பெண்ணுக்கு ஒரே ஒரு சிசேரியன்தான். வலியும் இல்லை, ரத்தப்போக்கும் இல்லை. அதனால்தான் இந்த எண்ணமே வரவில்லை.

பிப்ரவரி 5, மதியம்

வெளியான தொகுப்புகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முன்பு ஒரே ஒரு சிசேரியன்தான் நடந்திருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு மேல் எந்த அறிகுறியும் இல்லை. வலி வந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நோய் இல்லை இது. எண்ணிக்கையும் இப்போது அவ்வளவு அபூர்வம் இல்லை. சுமார் 2,000 கர்ப்பத்துக்கு ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1978ல் முதல் விவரம் அச்சானபோது விந்தையாகப் பார்த்தார்கள். சிசேரியன் கூடக் கூட இதுவும் கூடும்.

பிப்ரவரி 6, இரவு 10.20

இப்போது மருந்து. தசையில் போடும் மெத்தோட்ரெக்சேட் இங்கே ஏன் தடுமாறுகிறது?

ஒன்று, இடம். தழும்பு நார்த்திசு. மருந்து சுற்றோட்டத்தில் வந்து அங்கே போதிய அளவில் சேர்வது மெதுவாக நடக்கும். இன்னொன்று, நேரம். மருந்து போட்டதும் துடிப்பு நிற்பதில்லை, சில நாள் ஆகும். கரு இந்தக் கட்டத்தில் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். 7ஆம் நாள் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தால் 5 மி.மீ. இருந்த கரு 12 மி.மீ. ஆகிவிடலாம். அதற்கேற்ப நஞ்சின் ரத்த ஓட்டமும் தடித்திருக்கும். அன்று நீங்கள் கையாள வேண்டியது முதல் நாளில் பார்த்ததைவிடக் கடினமான கர்ப்பம்.

எண்ணும் இதையே சொல்கிறது. பிரிட்டனில் நாடு முழுவதும் எடுத்து 2018ல் வெளியான கணக்கில் அறுவை சிகிச்சை 96 சதவீதம் பேருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மருந்து 46 சதவீதம், காத்திருப்பது 43 சதவீதம். மருந்தும் காத்திருப்பும் கிட்டத்தட்ட ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

பிப்ரவரி 6, இரவு 10.45

இன்னொன்றும் உண்டு. இந்தப் பெண்களில் பலருக்கு முந்தைய குழந்தை கைக்குழந்தை, பால் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தாய்ப்பால் கொடுப்பவருக்கு மெத்தோட்ரெக்சேட் கூடாது. கேட்காமல் எழுதிவிடாதீர்கள். ரத்த அணுக்கள், ஈரல், கிரியாட்டினின் மூன்றும் கையில் வந்த பிறகே மருந்து. ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருப்பார். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையும் வேண்டாம்.

பிப்ரவரி 7, காலை

அப்படியானால் மருந்தே வேண்டாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டும், ஆனால் சாக்குக்குள் நேராக. படிப்படியாக எழுதுகிறேன்.

கையில் பெரிய ஊசிவழி போட்டு, ரத்தம் 2 யூனிட் பொருத்தம் பார்த்து வைத்த பிறகே தொடக்கம். கீழே அறுவை அரங்கம் தயாராக இருக்க வேண்டும். உள்வழி ப்ரோபில் ஊசி வழிகாட்டியைப் பொருத்தி 20 முதல் 22 கேஜ் (தடிமன் அளவு) ஊசி. சிறுநீர்ப்பையையும் பெரிய ரத்தக் குழாய்களையும் தாண்டாத குறுகிய பாதை. மெலிந்த முன்சுவரைக் குத்திக்கொண்டு போகாதீர்கள்; தசை இருக்கும் பக்கமாக நுழைந்தால் ஊசியை எடுத்த பிறகு தசை சுருங்கி அந்தத் துளையை மூடும்.

திரையில் ஊசி நுனி ஒரு பளிச்சென்ற புள்ளி. சாக்கின் சுவரைத் தொடும்போது சுவர் முதலில் உள்ளே குழிந்து, பிறகு டக்கென்று விடும். அந்த விடுப்பு கைக்கும் தெரியும். நுனி உள்ளே வந்ததைத் திரையில் உறுதி செய்துகொண்டு சாக் நீரைக் கொஞ்சம் உறிஞ்சுங்கள். துடிப்பு இருந்தால் நுனியைக் கருவுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பொட்டாசியம் குளோரைடு பயன்படுத்துபவர்கள் மி.லி.க்கு 2 மி.ஈக்யூ. (மில்லி ஈக்விவலன்ட்) உள்ளதைச் சிறிது சிறிதாக, துடிப்பு நிற்கும் வரை கொடுப்பார்கள். பிறகு அதே ஊசி வழியாக மெத்தோட்ரெக்சேட். ஒரு பகுதி சாக்குக்குள், ஊசியைப் பின்னிழுத்துக்கொண்டே மீதி நஞ்சு ஒட்டிய பகுதிக்குள்.

பொட்டாசியம் சிரிஞ்சும் மெத்தோட்ரெக்சேட் சிரிஞ்சும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, கொடுப்பவர் சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பொட்டாசியம் தாயின் ரத்தக் குழாய்க்குள் போய்விடக் கூடாது. நுனி சாக்குக்குள் இருக்கிறதா என்பதில் துளி சந்தேகம் வந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

ஊசியை எடுத்த பின் அவசரமாக அனுப்பாதீர்கள். 60 முதல் 90 நிமிடம் கழித்து மறுபடி உள்வழி ஸ்கேன்: துடிப்பு திரும்பவில்லையா, உள்ளே ரத்தம் சேரவில்லையா.

பிப்ரவரி 7, மாலை

காலையில் அளவு எழுதாததால் குழப்பம் வந்திருக்கிறது. உள்ளே போடும் அளவு மொத்தமாக 25 முதல் 50 மி.கி. வரைதான். சதுர மீட்டருக்கு 50 என்பது தசையில் போடுவதற்கான கணக்கு, அதை இங்கே கொண்டுவரக் கூடாது. குப்பியில் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பதை ஒருவர் படித்துச் சொல்ல, இன்னொருவர் சரிபார்க்கட்டும். ஒரே மருந்து வேறு வேறு செறிவில் வருகிறது. சிலர் உள்ளே போட்டதோடு தசையிலும் ஓர் ஊசி சேர்க்கிறார்கள். சேர்க்கிறீர்கள் என்றால் இரண்டின் கூட்டுத் தொகையும் சீட்டில் இருக்கட்டும்.

வாசகர் கேள்வி, பிப்ரவரி 11

சாக்குக்குள் போட்டு 4 நாள் ஆயிற்று. பீட்டா எச்.சி.ஜி. கூடியிருக்கிறது. ஸ்கேனில் கட்டி முன்பைவிடப் பெரிதாக, சுற்றிலும் ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கிறது. தோற்றுவிட்டதா? சுத்தம் செய்துவிடலாமா?

பிப்ரவரி 11, பின்னிரவு

தயவுசெய்து சுத்தம் செய்யாதீர்கள். துடிப்பு நின்றிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். நின்றிருந்தால் முதல் சில நாள் எச்.சி.ஜி. ஏறுவதும், கட்டி பெருப்பதும், டாப்ளர் நிறம் கூடுவதும் எதிர்பார்த்ததே. குழாய்க் கர்ப்பத்தின் 4ஆம் நாள், 7ஆம் நாள் கணக்கு இங்கே பொருந்தாது. பிறகு இறங்கத் தொடங்கும். வாரம் ஒரு முறை எச்.சி.ஜி., அது கர்ப்பமில்லாத அளவுக்கு வரும் வரை. கட்டி மறைய மேலும் பல வாரம், சில சமயம் பல மாதம் ஆகும். எச்.சி.ஜி. இறங்கி முடிந்த பிறகும் தழும்பில் ஒரு கலப்பு நிழல் தெரியும். அது மட்டுமே காரணம் என்றால் கை வைக்க வேண்டியதில்லை.

அந்த ரத்தக் குழாய்க் கூட்டத்தைச் சுரண்டினால் நிறுத்துவது கடினம். ரத்தப்போக்கு கனமானால், துடிப்பு இன்னும் இருந்தால், எச்.சி.ஜி. வாரங்களாக இறங்காமல் நின்றால், அப்போது அடுத்த வழி. அந்தப் பெண்ணிடம் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பெரிய நாப்கின் நனைந்தால் காத்திருக்காமல் வர வேண்டும். இரவு என்று பார்க்க வேண்டாம், மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 13, காலை

அறுவை சிகிச்சை பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் வகை பிரித்துக்கொள்வோம். ஸ்கேனில் இரண்டு கோட்டை மனதில் இழுங்கள்: உள்ளறையின் கோடு, கர்ப்பப்பையின் வெளிக் கோடு. சாக்கின் பெரும்பகுதி உள்ளறைப் பக்கம் இருந்தால் முதல் வகை. பெரும்பகுதி தசைக்குள் புதைந்து, வெளிக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் இரண்டாம் வகை. வெளிக் கோட்டையே தாண்டிச் சிறுநீர்ப்பைப் பக்கம் புடைத்தால் மூன்றாம் வகை.

முதல் வகை, வாரம் குறைவு, முன்சுவரில் தசை ஓரளவு மிஞ்சியிருக்கிறது என்றால் ஸ்கேன் கண்காணிப்பில் உறிஞ்சி எடுப்பது பொருந்தும். ஒருவர் வயிற்றின் மேல் ப்ரோப் பிடிக்க, இன்னொருவர் கானுலாவை (உறிஞ்சும் குழாய்) பிடிக்க, இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும். கானுலா நுனியால் முன்சுவரைக் குத்தாதீர்கள். சாக்கின் அருகில் நிறுத்தி உறிஞ்சலை மட்டும் வேலை செய்ய விடுங்கள். முடிந்த பிறகு கூர் க்யூரெட்டால் "ஒருமுறை சரிபார்ப்பது" என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். தழும்பில் சுருங்கித் தன் குழாய்களை நெரித்து அடைக்கத் தசை இல்லை. சுரண்டினால் திறப்பது ரத்தக் குழாய், அதற்குப் பின்னால் சிறுநீர்ப்பை.

ஹிஸ்டரோஸ்கோப் (கர்ப்பப்பைக்குள் விடும் கேமரா குழாய்) வைத்துக் கண்ணால் பார்த்து எடுப்பதும் முதல் வகைக்கே. 3 மி.மீ.க்குக் கீழ் தசை இருந்தால் அதை மட்டும் தனியே செய்யத் துணியாதீர்கள்.

இரண்டாம் வகையில் மெலிவு அதிகம் என்றாலும், மூன்றாம் வகையிலும், வெளியிலிருந்து எடுப்பது நல்லது: லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை வழி அறுவை) அல்லது யோனி வழி. சிறுநீர்ப்பையைக் கீழே இறக்க வேண்டும், பழைய ஒட்டல் அங்கேதான் இருக்கும், அவசரப்பட்டால் சிறுநீர்ப்பை கிழியும். வெட்டுமுன், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் வேசோப்ரெசினை நீர்த்துச் சுற்றிலும் போடுவார்கள். போடப்போவதை மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் மாறும். சாக்கை மட்டும் எடுத்துவிட்டு நிற்காமல், தழும்பின் நார் விளிம்புகளையும் வெட்டி நல்ல தசை தெரிந்த பிறகு இரண்டு அடுக்காகத் தையல். இந்த வழியில் பழைய பள்ளமும் சேர்ந்து சரியாகிறது. எச்.சி.ஜி.யும் வேகமாக இறங்கும்.

பிப்ரவரி 13, காலை, தொடர்ச்சி

கர்ப்பப்பைத் தமனியை அடைப்பது தனி சிகிச்சை இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க உறிஞ்சலுக்கு முன் துணையாகச் செய்யலாம். அடுத்த குழந்தை வேண்டும் என்பவரிடம் அதன் பின்விளைவுகளைப் பேசிவிட்டுத்தான்.

பிப்ரவரி 14

பலூன் பற்றிக் கேட்டிருந்தார்கள். இரண்டு விதமாகப் பயன்படுகிறது, கலந்துவிடாதீர்கள்.

ஒன்று, சிகிச்சையாகவே. இரட்டை பலூன் வடிகுழாய், பிரசவத்துக்கு முன் வாயை இளக்கப் பயன்படுவது. 6 முதல் 8 வாரத்துக்குள், துடிப்புள்ள கருவுக்கு. மேல் பலூனை உள்ளறையில் சில மி.லி. ஊதி நங்கூரம்போல நிறுத்திவிட்டு, கீழ் பலூனைச் சாக்குக்கு எதிரே வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெதுவாக ஊத வேண்டும். சாக் தட்டையாவது திரையில் தெரியும், துடிப்பு நிற்கும் வரை. ஓரிரு நாள் வைத்துவிட்டு ஆன்டிபயாட்டிக்கோடு, ஸ்கேனில் பார்த்தபடி இறக்குவது.

இரண்டு, ரத்தத்தை நிறுத்த. உறிஞ்சிய பின் 16 அல்லது 18 அளவு ஃபோலியை (நுனியில் பலூன் உள்ள வடிகுழாய்) தழும்பு மட்டத்தில் வைத்து 10 முதல் 30 மி.லி. வரை. எண்ணைப் பார்த்து ஊதாதீர்கள், ரத்தம் நிற்கும் அளவைப் பார்த்து ஊதுங்கள். மெலிந்த சுவரில் அதிகம் ஊதினால் அதுவே கிழிக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாசகர் ஒருவர், பிப்ரவரி 15, அதிகாலை

கலைந்த கரு என்று வேறிடத்தில் டி அண்ட் சி செய்து, ரத்தம் நிற்காமல் இப்போது இங்கே அனுப்பியிருக்கிறார்கள். இனி என்ன?

பிப்ரவரி 15, அதிகாலை 2.30

மறுபடி சுரண்டாதீர்கள். இரண்டு பெரிய ஊசிவழி, ரத்தம் கேட்டு அனுப்புங்கள், ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில் நரம்பில். உடனே ஃபோலி பலூன், தழும்பு மட்டத்தில், யோனிக்குள் துணி அடைப்பு. ஆக்சிடோசினும் எர்கோமெட்ரினும் மேலே தசையைச் சுருக்கும், தழும்பைச் சுருக்காது. அவற்றைக் கொடுத்துவிட்டுப் பலனுக்குக் காத்திருந்து நேரத்தை இழக்காதீர்கள். வாயின் இருபுறமும் 3 மணி, 9 மணி இடத்தில் தையல் போட்டால் கீழ்க்கிளைத் தமனிகள் அடைபடும், சிறிது நேரம் கிடைக்கும். நாடி நிலைத்தால் தமனி அடைப்பு. நிலைக்காவிட்டால் வயிற்றைத் திறந்து தழும்போடு வெட்டி எடுத்துத் தையல். அதுவும் கைமீறினால் கர்ப்பப்பையை எடுப்பது. இந்தக் கடைசி வரிக்கும் ஒப்புதல் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவா என்று பாருங்கள். ஆம் என்றால் ஆன்டி டி ஊசி. 12 வாரத்துக்குள் 50 மைக்ரோகிராம் போதும், அது இல்லாவிட்டால் 300. பதற்றத்தில் மறந்துபோவது இதுதான்.

பிப்ரவரி 18

அந்தப் பெண் கர்ப்பத்தைத் தொடர விரும்பினால்? முடிவெடுப்பவர் அவர். நம் வேலை உள்ளதை உள்ளபடி சொல்வது. பரிந்துரை தெளிவு: துடிப்புள்ள தழும்புக் கருவைத் தொடர விட வேண்டாம். தொடர்ந்தவர்களில் உயிருள்ள குழந்தையோடு முடித்தவர்கள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு நஞ்சு தசைக்குள் வேர்விட்டிருந்தது, அதிலும் பெரும்பாலோருக்குத் தசையையே துளைத்திருந்தது. மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ கர்ப்பப்பை கிழிந்தவர்களும் தொடர்ந்தவர்களில் இருக்கிறார்கள். தழும்பின் பள்ளத்துக்குள் புதைந்தது, தழும்பின் மேல் ஒட்டியதைவிட மோசம் என்பதையும் ஸ்கேன் படத்தைக் காட்டியே விளக்கலாம்.

தொடர்ந்தால், அக்ரீட்டா அறுவைக்குப் பழகிய குழு உள்ள இடத்துக்கு இப்போதே மாற்றுங்கள், 30 வாரத்தில் அல்ல. பிரசவம் 34 வாரம் 0 நாள் முதல் 35 வாரம் 6 நாளுக்குள் சிசேரியன், பெரும்பாலும் கர்ப்பப்பையோடு சேர்த்து எடுக்கும் திட்டத்தோடு.

துடிப்பே இல்லாத தழும்புக் கரு வேறு நிலை. கண்காணிப்போடு காத்திருக்கலாம். எச்.சி.ஜி. இறங்க நாளாகும், ரத்தப்போக்கு இடையில் வரலாம்.

இரட்டைக் கருவில் ஒன்று உள்ளறையில், ஒன்று தழும்பில் என்றால் மெத்தோட்ரெக்சேட் எந்த வழியிலும் கூடாது, உள்ளறைக் கருவையும் தாக்கும். பொட்டாசியம் மட்டும்.

பிப்ரவரி 20

பெயர் பற்றிய சர்ச்சைக்குச் சுருக்கமாக. இது கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, இடம் மாறிய கர்ப்பம் என்பது தவறு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அறைக்குள் இல்லை, சுவருக்குள் இருக்கிறது என்பதால் இடம் மாறியதே. எஸ்.எம்.எஃப்.எம். 2020ல் "தழும்புக் கர்ப்பம்" என்று தலைப்பிட்டது, 2022ல் "தழும்பில் இடம் மாறிய கர்ப்பம்" என்று மாற்றியது. நடைமுறையில் இதில் ஒரு பயன் இருக்கிறது: "உள்ளறைக் கர்ப்பம்" என்ற இரண்டு சொல்லை ரிப்போர்ட்டில் பார்த்ததும் அடுத்தவர் கவனம் தளர்ந்துவிடும்.

பிப்ரவரி 24, இரவு

முதல் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் நோயாளியின் படத்தில் மிஞ்சிய தசை 2 மி.மீ., சாக்கின் பெரும்பகுதி தசைக்குள், நகர்த்தினால் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் வகை. தாய்ப்பாலும் கொடுக்கிறார். மருந்து விலகிவிட்டது. 8 வாரமும் தாண்டிவிட்டது, பலூனுக்கும் காலம் போய்விட்டது. லேப்ராஸ்கோப்பியோ யோனி வழியோ எது உங்களுக்கு அருகில் நன்றாகச் செய்யப்படுகிறதோ அங்கே இந்த வாரமே அனுப்புங்கள். தனியாக உறிஞ்சிப் பார்க்க வேண்டாம்.

பிறகு வரும் மாதங்களுக்கு: அடுத்த கர்ப்பத்துக்கு 12 முதல் 24 மாதம் இடைவெளி. மெத்தோட்ரெக்சேட் போட்டவர்கள் எப்படியும் 3 மாதத்துக்குள் கருத்தரிக்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்புமுன்பே கருத்தடை முடிவாகியிருக்க வேண்டும், அடுத்த வருகைக்குத் தள்ளாதீர்கள். மறுபடி தழும்பிலேயே ஒட்டும் வாய்ப்பு வெவ்வேறு தொகுப்புகளில் 5 முதல் 40 சதவீதம் வரை வருகிறது. இவ்வளவு அகலமான எண்ணை வைத்து யாருக்கும் தைரியம் சொல்ல முடியாது, ஒவ்வொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த வரியைப் பெரிய எழுத்தில், அவர் மொழியிலேயே எழுதி ஒட்டுங்கள்: "மாதவிடாய் தள்ளிப்போனால் 5 முதல் 7 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேன். முன்பு தழும்பில் கரு ஒட்டியிருந்தது என்று ஸ்கேன் செய்பவரிடம் முதலிலேயே சொல்லவும்."